மஜீது பாய் மாட்டிய பம்ப்

திருவொற்றியூர் டோல்கேட் வண்டி ஸ்டாண்டில் யாரையாவது நிறுத்தி, மஜீது பாய் மெக்கானிக் ஷெட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "அங்கயா? வேணாம் நைனா, வேற ஆளப் பாரு" என்றுதான் பதில் வரும். கொஞ்சம் வாய் நீளமான ஆளாக இருந்தால், "தோஸ்துக்கே செத்த பம்ப மாட்டி ஆளையே காலி பண்ணவன்" என்று சேர்த்துச் சொல்வான். ஊர் வாய்க்கு என்ன, ஒரு தடவை கிடைத்தால் ஆயுசு பூரா மென்றுகொண்டிருக்கும். நடந்தது வேறு.

அந்த தோஸ்துதான் ஜெயவேல். காசிமேட்டில் விடிகாலையில் மீனை ஐஸோடு ஏற்றி, எண்ணூர், மீஞ்சூர் வரைக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவன். வண்டி ஒரு கிழட்டு பிக்கப். மேலே இருந்து மீன்தண்ணி சொட்டும், பக்கத்தில் இருந்து கடல்காற்று அரிக்கும், அடியில் இருக்கிற இரும்பெல்லாம் அப்பளமாக உதிரும். வண்டிக்கு என்ன வந்தாலும் ஜெயவேல் நேராக மஜீதிடம்தான் வருவான். வேலை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

மஜீது தன்னிடம் வருகிற டிரைவர்களுக்கெல்லாம் ஓதுகிற பாடம் ஒன்று உண்டு. "ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சா அங்கயே சாவிய அணைச்சிடு. அடுத்த வளைவு, அடுத்த டீக்கட இன்னு பாக்காத. நின்ன எடத்துலயே அணை. இல்லாங்காட்டி இன்ஜினு கஞ்சியாயிடும்." மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார்கள். ஜெயவேல் மட்டும், "சரி மாமு, எத்தினி வாட்டி சொல்லுவ" என்று சிரிப்பான்.

இரண்டாயிரத்து ஒன்று, மாசி மாதம். எண்ணூர் விரைவுச் சாலையில், ஒதுங்க இடமில்லாத ஒரு பாலத்தின் மேலே ஜெயவேலின் வண்டி நின்றுவிட்டது. இறங்கி முன்பக்கம் போய் பானட்டைத் திறந்து குனிந்திருக்கிறான். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி இடித்த இடியில், அவன் வண்டியே அவன் மேல் ஏறிவிட்டது. மூலக்கொத்தளம் இடுகாட்டில் குழிக்குள் மண்ணைத் தள்ளும்போது மஜீதும் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

வண்டியைப் போலீஸ் விட்டதும், ஜெயவேலின் மனைவி செங்கொடி அதை வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். கட்டைவிரலில் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டுத் தழும்பு, இறால் ஓடு கிழித்துக் கிழித்து ஆறாமலே நின்றுபோனது.

"பாய், இத நா ஓட்டப் போறதில்ல, வித்துடப் போறேன். அதுக்கு முன்னாடி எனுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். லைட்டு எரிஞ்சுகினே ஓட்டுனாரா? ஸ்டாண்டுல அப்டித்தான் பேசிக்கிறானுங்கோ. லோடுக்கு ஆசப்பட்டு வண்டிய வெரட்டுனான், இன்ஜின் ஜாமாயி நடு ரோட்டுல நின்னுச்சுங்குறானுங்கோ. எங்க மாமியாக்காரி ஒப்பாரிலயே அத சேத்துப் பாடுது. அந்தாளு அப்டி இல்ல பாய். உனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"தெரியும்னா பத்தாது. இன்ஜினத் தொறந்து பாத்து சொல்லு. நாளைக்கு அம்மு வளந்து, எங்கப்பன் எப்டி செத்தான்னு கேட்டா, நா அதுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?"

ஓடப்போகாத வண்டிக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார் மஜீது. முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. தொட்டு மோந்தார்; டீசல் கலந்த வாடை இல்லை. லைட்டே பொய் சொல்லியிருக்கலாமோ என்று அதன் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை முடுக்கி, வேறு பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் பட்டென்று பிடித்துக்கொண்டது. அடப்பாவிகளா, இதையா ஜாம் என்றீர்கள்!

மீட்டர் முள் ஒழுங்காகத்தான் ஏறியது. ஆக்சிலேட்டரைக் கொடுத்தார்; இன்னும் ஏற வேண்டிய முள், மளமளவென்று இறங்கியது. மஜீதுக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. பேரிங் தேய்ந்த வண்டி என்றால், சூடாகி மெதுவாக ஓடும்போது பிரஷர் இறங்கும், மிதித்தால் ஏறும். மிதிக்க மிதிக்க இறங்குகிறது என்றால் பம்ப் ஆயிலை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது, கீழே ஏதோ அடைத்திருக்கிறது. உடனே இன்ஜினை அணைத்துவிட்டு, அடியில் ஆயில் நிற்கிற சட்டியை, சம்ப் என்பார்களே அதை, இறக்கினார்.

ஆயில் உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அது முழுக்க ரப்பர் துண்டு மாதிரி ஏதோ அப்பிக்கிடந்தது. வேறென்ன, ஒழுகாமல் இருக்க சம்ப்பின் விளிம்பில் தடவுகிற பேஸ்ட். இந்தப் பக்கத்து வண்டிகளில் விளிம்பு துருப்பிடித்து மேடுபள்ளமாகிவிடும்; அதனால் டிரைவர்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, தாராளமாகப் பேஸ்ட்டை அப்பி மாட்டிக்கொள்வது வழக்கம். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்கியது யாருக்குத் தெரியும்? அது காய்ந்து, உடைந்து, ஒருநாள் மொத்தமாகப் போய் அடைத்துக்கொள்ளும். ஜெயவேல் வண்டியில் உள்விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்த தடம் அப்படியே உறைந்திருந்தது. சின்ன விரல். தடத்துக்குத் தடம் குறுக்கே ஒரு கோடு. ஜெயவேல் விரல் இத்தனை சின்னது இல்லையே என்று மட்டும் நினைத்தார், அதற்குமேல் அப்போது யோசிக்கவில்லை.

அடுத்து பேரிங் மூடிகளைக் கழற்றிப் பார்த்தார். ஆயில் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருந்தாலும் பேரிங் உராய்ந்து கீறியிருக்கும்; ஒரு கீறல் இல்லை, பளபளவென்று இருந்தன. லைட் எரிந்த அந்த நொடியே பயல் சாவியை அணைத்திருக்கிறான். பாலத்தின் மேல் என்றும் பார்க்கவில்லை. கேட்டானய்யா, இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டான். கேட்காமல் பாலம் இறங்கும் வரை ஓட்டியிருந்தால் இன்ஜின் போயிருக்கும், அவ்வளவுதானே! ஆள் இருந்திருப்பானே! மஜீது வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு வாயில் துணியை வைத்து அழுதார்.

வெளியே செங்கொடியின் செருப்புச் சத்தம் கேட்டது. பேஸ்ட் துண்டைக் கையில் வைத்தபடியே நகர்ந்து வந்தார், காட்டலாம் என்று. இறக்கி வைத்திருந்த சம்ப்பை அவள் வெளிப்பக்கமாகப் பார்த்தாள். பார்த்ததும், புருஷன் செத்த பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இதான பாய் சம்ப்பு? இத நாந்தான் ஒட்டுனேன். பெருநாளைக்கு நீ வாணியம்பாடி போயிருந்த இல்ல, அப்ப ஒயுகுது ஒயுகுதுன்னு பேஜாராயி வூட்டாண்டயே கயட்டுனாரு. கை வெரலு நசுங்கி கட்டு போட்டுகினு இருந்தாரு. குடுன்னு நானே பேஸ்ட்ட வாங்கி, இட்லி மாவு கணக்கா அப்பி, சுத்தி அழுத்தி வுட்டேன். போதும்டி போதும்டின்னு கத்துனாரு, நா வுடல. அதுக்கப்புறம் ஒரு சொட்டு ஒயுகல பாய். ஒரு சொட்டு!"

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். குறுக்கே அந்தத் தழும்பு. பேஸ்ட் துண்டு இருந்த மஜீதின் கை தானாக மூடிக்கொண்டது.

"இன்னா பாய், கண்டுபுடிச்சியா?"

யா அல்லா, இவளிடம் என்ன சொல்வது? பேரிங் போனது என்றால் நாள்கணக்காகச் சத்தம் போட்டிருக்கும், ஜெயவேல்தான் கேட்காமல் ஓட்டினான் என்று ஆகும். சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று பிரஷரைப் போக்குவது இரண்டுதான். ஒன்று அந்தச் சல்லடை. அதை அடைத்தது இவள் விரல். இன்னொன்று பம்ப். பம்பை தீபாவளிக்கு மாட்டியது மஜீது.

"இந்த பேரிங்கப் பாரு தங்கச்சி, கீறலே இல்ல. லைட்டு எரிஞ்ச நிமிசமே நிறுத்தியிருக்கான். உம் புருசன் மேல ஒரு தப்பும் இல்ல. எவன் முன்னாடி வேணா சொல்லு, மஜீது பாத்து சொன்னான்னு சொல்லு."

செங்கொடி மட்கார்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ஏன் பாய் லைட்டு எரிஞ்சுது?"

"பம்பு போச்சும்மா."

"பம்பா? நீ மாட்டுனியே, அந்தப் புது பம்பா? புது பம்பு எப்டி போவும்?"

"புதுசு இல்லமா. புதுப்பேட்டை காயலான் கடைல கயட்டுன பழசு. புதுசுன்னு சொல்லி மாட்னேன்."

பம்ப் புதுசுதான். அதன் காலி டப்பாவில்தான் ஜெயவேல் வீட்டில் ஆணி போட்டு வைத்திருந்தார்கள்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்று பார்த்தாள். அப்புறம் குனிந்து, ஆயில் ஊறிக்கிடந்த தரை மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் மேல் தூற்றினாள். "நீ நல்லா இருப்பியா? அண்ணன் அண்ணன்னு உன் தட்டுல துன்னோமேடா பாவி! எம் புள்ளைக்கு அப்பன் இல்லாம பண்ணிட்டியே, நாசமா போயிடுவ!" தெருவே கூடிவிட்டது. மஜீது மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை.

எல்லோரும் போன பிறகு சம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு, பிளேடால் அந்த விரல் தடங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். வண்டியை வாங்குகிற காயலான் கடையில் வேறு ஒரு மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதே. அடுத்த பெருநாளுக்கு அவர் மனைவி ரசூல் பீவி கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்கு, செங்கொடி வீட்டிலிருந்து திறக்காமலே திரும்பி வந்தது. "நெசமா நீங்கதான் அப்டி பண்ணீங்களா?" என்று ரசூல் பீவி கேட்டாள். அவளிடமும் மஜீது உண்மையைச் சொல்லவில்லை. ஸ்டாண்ட் வண்டிகள் ஒன்றொன்றாக வேறு ஷெட்டுக்குப் போயின.

சில வருஷம் கழித்து, செங்கொடி ஸ்டாண்டுக்கு எதிரிலேயே அடுப்பு வைத்து மீன் வறுத்து விற்க ஆரம்பித்தாள். "எங்க வூட்டுக்காரு லைட்டு எரிஞ்சதும் டக்குன்னு நிறுத்துன ஆளு" என்று யாரிடமும் தலையை நிமிர்த்திச் சொல்வாள். அந்தப் பேச்சு வந்தால் கூடவே மஜீதுக்கும் வசவு விழும். மஜீது அந்த வழியாகத்தான் தினமும் தொழுகைக்குப் போவார்.

ஒருநாள் அப்படிப் போகும்போது, ஜார்ஜ் என்கிற டிரைவர் ரோட்டோரமாகத் தன் சம்ப்பை மடியில் வைத்துப் பேஸ்ட் அப்பிக்கொண்டிருந்தான். மஜீது நேராக அவனிடம் போனார். "மெலிசா வைடா, நூலு மாரி வை!" என்று கத்தியபடி குனிந்து, பிதுங்கி நின்றதை எல்லாம் தன் விரலாலேயே வழித்து எறிந்தார்.

"செத்த பம்பு மாட்றவரு பாடம் எடுக்க வந்துட்டாரு பாரு" என்றான் ஜார்ஜ். ஸ்டாண்டே சிரித்தது.

செங்கொடி வாணலியில் இருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "அந்தாளு பேச்சக் கேக்காத ஜார்ஜு! எங்க வண்டிக்கு நா இந்தக் கையால அப்புனேன், ஒரு சொட்டு ஒயுகுச்சா? அந்தாளையே கேளு!"

மஜீது விரலில் ஒட்டிய பேஸ்ட்டைக் கைலியில் துடைத்துக்கொண்டார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆமாம்மா," என்றார். "ஒரு சொட்டு ஒயுகல."