நீச்சல் டீச்சரின் வாய்தா

"தலையை விடு தாயே. வானம் எங்கயும் ஓடிப்போகாது, மெதுவாப் பாரு. நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லும்போதே நீச்சல் டீச்சர் கையை எடுத்திருப்பாள். மல்லாந்து கிடக்கும் பெண்மணிக்கு அது தெரியாது. முதுகுக்கடியில் டீச்சரின் உள்ளங்கை இருப்பதாக நம்பி அவள்பாட்டுக்கு மிதந்துகொண்டிருப்பாள். நாலு மூச்சு கழித்து டீச்சர் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். ஓர் அலறல் கேட்கும். அந்த அலறலோடு பாதி நீச்சல் வந்துவிடும்.

பொது நீச்சல் குளத்தில் மதிய நேரம் பெண்களுக்கு. வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், முட்டிவலிக்கென்று வைத்தியர் விரட்டிவிட்டவர்கள். யாராக இருந்தாலும் டீச்சருக்குத் 'தாயே'தான். திட்டு மட்டும் அவரவர் தொழிலுக்குத் தகுந்தபடி மாறும். தையல்காரியிடம், "உடம்பை ஏன் இப்படி இழுத்துத் தைச்சு வெச்சிருக்கே, கொஞ்சம் தளர்த்தி விடு" என்பாள். பேக்கரியில் பணம் வாங்கிப் போடும் குண்டு அம்மாளிடம், "இது என்ன உடம்பா கல்லாப்பெட்டியா? பூட்டைத் திற தாயே" என்பாள். திட்டு வாங்காத நாளில் பேக்கரியம்மாளுக்குக் குளித்த மாதிரியே இருக்காது.

எல்லாரும் உடை மாற்றப் போன பிறகுதான் டீச்சர் கரையேறுவாள். அதற்கொரு காரணம் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்வரை அவளுக்குக் கால் இருக்கிற நினைப்பே வராது. ஏணியில் கால் வைத்ததும் ஐம்பத்தாறு வயதும் வீங்கிய பாதங்களும் ஒன்றாகத் திரும்பி வந்துவிடும். ஒரு படி, கொஞ்சம் மூச்சு, இன்னொரு படி. அதை மற்றவர்கள் பார்ப்பதில் அவளுக்கு விருப்பமில்லை.

இரத்த அழுத்தம் பல வருஷமாகச் சத்தம் போடாமல் இரண்டு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்துவிட்டது. ஒருநாள் டயாலிசிஸ் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ஊசி போடுவதற்குத் தயாராக வைத்திருந்தார்கள். தையல் ஆறி, மாதங்களும் ஆகிவிட்டன. விரல் வைத்தால் உள்ளே உர்ரென்று துடிக்கும். டீச்சர் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தாள். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வந்துவிட்டது. "நாள் பூரா தண்ணியிலேயே கெடக்கறவளுக்குத் தண்ணியை அளந்து குடுக்கறாங்க பாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கை தயார், ஆஸ்பத்திரி தயார். டயாலிசிஸை என்றைக்கு ஆரம்பிப்பது என்பது மட்டும்தான் பாக்கி. சிறுநீரக டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. "சிறுநீரகம் நூத்துக்கு எட்டுதான் வேலை செய்யுதுன்னு ரிசல்ட்ல இருக்கு. ஆனா நம்பரை மட்டும் பார்த்து ஆரம்பிக்கறதில்லம்மா. சாப்பிட முடியுதா, மூச்சு எப்படி இருக்கு, பழைய மாதிரி வேலை செய்ய முடியுதா, அதையும் வெச்சுத்தான் முடிவு. அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்பாள்.

டீச்சர் சொல்வாள்: "நல்லாத்தான் இருக்கேன்."

பக்கத்து நாற்காலியில் இருக்கும் அக்காவின் விரல்கள் உடனே கைப்பை மேல் தாளம் போட ஆரம்பித்துவிடும். அக்கா நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளெல்லாம் சாட்சிகள் சொன்னதை வார்த்தை பிசகாமல் தட்டிய கை அது. யாராவது புளுகினால் இன்னும் தானாகத் தட்டும். வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும், "ஆச்சா? இன்னொரு வாய்தா வாங்கியாச்சா?" என்று மட்டும் கேட்பாள்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான். அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கை வாய்தா போட்டுப் போட்டே கல்யாணம் இல்லாமல் நின்றவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில், தட்டில் பாதிக்கு மேல் மீதி வைத்துவிட்டு எழுந்தவளை அக்கா விடவில்லை.

"எதுக்குடி பயம்? ஊசிக்கா?"

"ஊசி என்ன பெரிய ஊசி." டீச்சர் மறுபடி உட்கார்ந்தாள். உட்காருவதே ஒரு வேலையாகிவிட்டிருந்தது. "ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுக்கா. வாரத்துக்கு மூணு நாள், உசிரு இருக்கற வரைக்கும். ஒரு மாசம் தள்ளிப் போட்டா அந்த ஒரு மாசம் எனக்கு மிச்சம்தானே?"

"சரி. போன மாசம் ஒண்ணு மிச்சம் பிடிச்சியே, அதை வெச்சு என்ன பண்ணினே?"

டீச்சர் யோசித்தாள். குளத்துக்குப் போனாள். வந்து படுத்தாள். எழுந்து போனாள். வந்து படுத்தாள்.

"படுத்துக் கெடந்தேன்" என்றாள்.

"அதான்" என்று அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

அதே வாரத்தில்தான் அது நடந்தது. காலையிலேயே டீச்சர் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை, குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தை மறைத்தாள். மதியம் இடுப்புக்கு மேல் தண்ணீரில் நின்று பேக்கரியம்மாளை மல்லாத்திப் பிடித்தாள். அந்த அம்மாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் பிடிச்சிருக்கேன் தாயே" என்றாள் டீச்சர். அன்றைக்கு அவள் கையை எடுக்கவில்லை. எடுக்கும் எண்ணமும் இல்லை. அந்த அம்மாள் தானாக மிதக்க இன்னும் பழகவில்லை. வெயில் தண்ணீரில் விழுந்து மினுங்கியது. மினுங்கல் கொஞ்சம் மங்கியது. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். நின்றபடியே கண் செருகியிருக்கிறது. விழித்தபோது எதிரே பேக்கரியம்மாளின் முகம் இல்லை. தண்ணீருக்கடியிலிருந்து ஒரு கை வந்து அவள் தோளைப் பற்றி இழுத்தது. டீச்சர் இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள். தூக்குவதற்கு வேண்டிய மூச்சு அவளிடம் இல்லை. குளத்துக் காவலுக்கு விசிலோடு நிற்கும் பெண் கரையிலிருந்து குதித்து வந்து இரண்டு பேரையும் சேர்த்து ஓரத்துக்குத் தள்ளினாள்.

பேக்கரியம்மாள் இருமினாள், மூக்கைச் சிந்தினாள், குளத்துச் சுவரைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, சிரித்தாள்.

"வேணும்னுதானே விட்டீங்க டீச்சர்? நானே மிதக்கட்டும்னு? எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுவீங்களாமே, வெளியில சொன்னாங்க."

மற்றவர்களும் சிரித்தார்கள். 'ஆமாம் தாயே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மதியம் அதோடு முடிந்திருக்கும். இன்னொரு மாதமும் மிச்சமாகியிருக்கும். டீச்சர் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் வரை வந்த 'ஆமாம்' வெளியே வரவில்லை.

"இல்ல தாயே. கை எப்பக் கீழ போச்சுன்னே எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோ."

சிரிப்பு நின்றது. அன்று எல்லாரும் இருக்கும்போதே அவள் ஏணியில் ஏறினாள். ஒரு படி, கொஞ்சம் மூச்சு, இன்னொரு படி. பேக்கரியம்மாள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். துண்டால் முகத்தைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அக்கா கேட்காமலே டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முறை வந்து உள்ளே போனதும், டாக்டர் கேட்கும் முன் தானே ஆரம்பித்தாள். "சாப்பாடு வாய்ல வெச்சா இரும்பை நக்கற மாதிரி இருக்கு. காலைல வாந்தி. மல்லாந்து படுக்க முடியல, மூச்சு முட்டுது, தலையணையை அடுக்கி உக்காந்த மேனிக்குத்தான் தூங்கறேன். நேத்து தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே கண்ணு அசந்துட்டேன். கைல ஒரு உசிரு இருந்துச்சு."

கைப்பை மேல் அக்காவின் விரல்கள் அசையாமல் கிடந்தன. தலையணை விஷயம் அவளுக்கே புதிது. பக்கத்து அறையில்தான் படுக்கிறாள்.

"எத்தனை நாளாம்மா?" என்றாள் டாக்டர்.

"நல்லாருக்கேன்னு சொல்ல ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

"இனி தள்ளிப்போட வேண்டாம். நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

"மறுபடி தண்ணியில இறங்கலாமா?"

"முதல்ல உடம்பு தேறட்டும். ஊசி போட்ட இடம் நல்லா மூடணும். அப்புறம் பார்க்கலாம். இப்பவே சரின்னு சொல்லமாட்டேன்."

டீச்சர் தலையாட்டினாள். குளத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை விசில்காரப் பெண்ணே சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடானது.

முதல் நாள் என்பதால் இரண்டு மணி நேரம்தான் என்றார்கள். நீளமான கூடம். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். ஒருவர் செய்தித்தாளை மார்பில் கவிழ்த்துத் தூங்கினார். நர்ஸ் இடது கையில் ஊசிகளைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டி, "இந்தக் கையை ஆட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். வலது கையில் இரத்த அழுத்தப் பட்டை இறுகத் தொடங்கியது. சிவந்த குழாய் ஒரு வளைவு எடுத்து இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்கவும் அசதியாக இருந்தது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏதாவது வேணுமாடி?"

"ஒண்ணும் வேண்டாம்."

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா."

"சொல்லு."

"மூக்கு அரிக்குது."

அக்கா எழுந்து குனிந்து, ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைச் சொறிந்தாள்.

"அங்க இல்ல. மேல."

விரல் மேலே போனது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை அந்த விரலுக்கு வாகாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள்.