மொட்டைக் கடிதத்தில் அம்மன் பெயர்

அம்பாளின் அன்பர்களே, எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். இராமநாதபுரத்தில் மூட்டை அடுக்கும் ஒரு மிளகாய்க் கிட்டங்கியில் மூட்டைக்கு மூட்டை சீட்டு எழுதும் வேலை எனக்கு. அந்த மாசியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் வத்தல் நனைந்து வெளுத்துவிட்டது. பாய்க்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார் முதலாளி. வெயிலில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் கண் சொக்கும். நானும் சொக்கிப்போய்ப் பத்து நாள் சீட்டு எழுதினேன். பிறகு சோறு இறங்கவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை தட்டில் விழப்போகிறதோ?

சுகாதார இன்ஸ்பெக்டருக்கு மொட்டைக் கடிதம் போட்டேன். இடது கையால் எழுதினேன். அவர் வந்து, லாரி ஏறவிருந்த மூட்டைகளைக் குழிதோண்டிப் புதைக்க வைத்தார்.

மறுநாள் அந்தக் கடிதம் எப்படியோ முதலாளி கைக்கே வந்துவிட்டது. சீட்டு எழுதும் எங்கள் ஐந்து பேரையும் நிறுத்திவைத்து முதல் வரியிலிருந்து படித்தார். “மங்களேசுவரி துணை.” எனக்கு உயிரே போய்விட்டது. பழக்கதோஷம்! நான் எழுதும் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் இருக்கும் அதே வரி. கூட வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரியும்.

“நாளைக் காலையில எல்லார் சீட்டுப் புத்தகமும் என் மேசைக்கு வரணும்லே” என்றார்.

மையில் எழுதியது, அழிக்க முடியாது. மத்தியானமே மங்களேசுவரி குடியிருக்கும் உத்தரகோசமங்கைக் கோயிலுக்கு ஓடினேன். “தாயே, நாலு பிள்ளைக்குக் கஞ்சி ஊத்தணும். ஒம் பேரை எழுதியே மாட்டிக்கிட்டேன்” என்று அழுதேன். இலந்தை மர நிழலில் அழுதபடியே கண் அயர்ந்தேன். கனவெல்லாம் குங்குமச் சிவப்பு. எங்கோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. விழித்தபோது பயம் போகவில்லை. அழுகை மட்டும் நின்றிருந்தது.

காலையில் முதலாளி ஐந்து புத்தகங்களையும் புரட்டினார். ஐந்திலும், எல்லாச் சீட்டிலும், “மங்களேசுவரி துணை.” எடை போடும் ராகவன் அண்ணன் பெருமாளைத் தவிர யாரையும் கும்பிடாதவர். அவர் புத்தகத்தில் ஸ்ரீராமஜெயத்துக்குக் கீழே நெருக்கி எழுதியிருந்தது.

“என்னலே, எல்லாருக்கும் ஒரே சாமியா?”

“ஊருக்கே ஆத்தா அவதான முதலாளி” என்றார் அண்ணன், சிரிக்காமல்.

முதலாளி புத்தகங்களைத் தள்ளிவிட்டார். ஐந்து பேரையும் விரட்டிவிட்டு யாரை வைத்து லாரி ஏற்றுவார்?

“எப்பண்ணே எழுதுனீக?” என்று பிறகு கேட்டேன்.

“நீ கோயிலுக்கு ஓடுனியே, அப்பத்தான். கை கழண்டுபோச்சு. போயி வேலையப் பாரு.”

அதன்பின் அந்தக் கிட்டங்கிக்குள் சாயம் நுழையவில்லை. தப்பென்று தெரிந்த மூட்டைக்கு நானும் சீட்டு எழுதியதில்லை. அன்பர்களே, நியாயத்துக்கு நின்றுவிட்டுப் பயப்படுகிறீர்களா? அவளிடம் போய் அழுங்கள். நான் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் நாலு பேர் கையில் பேனாவைக் கொடுத்து எழுத வைத்துக்கொண்டிருந்தாள்.