ஏழு டிகிரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செனாவாங்கில் கட்டட பிளான் வரையும் ஆபிசில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் வரிசை வீடுகள்தான். திரையில் அடிக்கு ஒரு புள்ளி வைத்திருப்பேன். சுவரை எங்கே விட்டாலும் பக்கத்துப் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். திருப்பினால் பதினைந்து டிகிரிக்கு ஒரு தாவல், நடுவில் நிற்காது. வேலை மளமளவென்று முடியும், எனக்கும் கெட்டிக்காரன் என்று பெயர்.

அப்பா பெடாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் மண்டோர், பால்வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் கங்காணி. பால்மரத்தில் வெட்டுக்கோட்டின் சரிவு சரியா என்று மற்ற மண்டோர்கள் அளவுத் தகரத்தை வைத்துப் பார்ப்பார்கள். அப்பா கண்ணாலேயே சொல்லிவிடுவார். பிறகு தகரத்தை வைத்தால் மயிரிழை பிசகாது. மனிதருக்கு இருந்த கர்வமே அந்தக் கண் ஒன்றுதான்.

எஸ்டேட்டை விற்றபோது அம்மன் கோயிலுக்கு ரோட்டோரம் வேறு இடம் கொடுத்தார்கள். பழைய கோயிலில் சித்திரை முதல் நாள் காலை வெயில் வாசல் வழியாக நேரே அம்மன் முகத்தில் விழும். அதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும். புது இடத்திலும் அப்படியே விழவேண்டும் என்று, அந்தச் சித்திரை முதல் நாள் விடியும்போது அப்பா சூரியனைப் பார்த்து இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டினார். நான்தான் அளந்தேன். நிலத்தின் எல்லைக்கோட்டிலிருந்து ஏழு டிகிரி.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்ததும் ஆபிசிலேயே கோயில் பிளானைப் போட்டேன். கோயிலைத் திருப்பினால் பூஜ்யத்தில் நிற்கிறது, இல்லாவிட்டால் பதினைந்துக்குத் தாவுகிறது. அந்த ஒட்டலை நிறுத்த ஒரு பொத்தான் போதும். ஆனால் சுவர்கள் புள்ளியை விட்டு விலகும், ஒவ்வோர் அளவையும் கையால் போடவேண்டும். கூட்டாளி வெளியே மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்தான், சினிமாவுக்கு நேரமாகிவிட்டது. ஏழு டிகிரியை எவன் பார்க்கப்போகிறான் என்று எல்லைக்கோட்டுக்கு நேராகவே விட்டுவிட்டேன்.

அடித்தளம் போட்ட அன்று அப்பா வெகுநேரம் நின்று பார்த்தார்.

"என்னடா, கொஞ்சம் திரும்பணும்போல இருக்கே?"

"கம்ப்யூட்டர்ல போட்டதுப்பா, தப்பாவாதுலா."

அவர் தன் கண்ணை விட்டுவிட்டு என்னை நம்பினார்.

அடுத்த சித்திரையில் கூட்டம் வாசலை விட்டு விலகி நின்றது. வெயில் உள்ளே வந்து, அம்மனுக்கு ஒன்றரை அடி தள்ளி வெறும் சுவரில் விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கோயில் தலைவர், "என்ன மண்டோரண்ணே, இப்படி ஆயிருச்சு?" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான்லா மொளைய தப்பா அடிச்சிட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல," என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அவர் இருந்த வரைக்கும் திறக்கவில்லை.

இப்போதும் சித்திரை முதல் நாள் கோயிலுக்குப் போகிறேன். சுவரில் விழும் வெயிலைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர், "பாவம், கடைசி காலத்துல மண்டோருக்குக் கண்ணு போயிருச்சு," என்பார். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன்.