நான் அவருக்கு அக்கா இல்லை

புருவம் திருத்த இரண்டு கையும் வேண்டும், பல்லும் வேண்டும். நூலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் முறுக்கி இழுக்க வேண்டும். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கும் எனக்குச் சோறு போடுகிற வேலை இதுதான். என் வலது மணிக்கட்டு உடைந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கைதானே, உயிர் போகவில்லையே என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லை மட்டும் வைத்துக்கொண்டு நான் யாருடைய புருவத்தைத் திருத்துவது?

நடந்தது இவ்வளவுதான். கோரிமேட்டில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடப் போக வேண்டியிருந்தது. செயலியில் பைக் டாக்ஸி புக் பண்ணினேன். வந்தவருக்குச் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை, ஷிப்ட் இல்லாத நேரத்தில் இது. சொந்த வண்டி, வெள்ளை நம்பர் பிளேட். வழியெல்லாம் நன்றாகத்தான் ஓட்டினார். என்னை இறக்கிவிடுவதற்குள்ளேயே அவருடைய போனில் அடுத்த புக்கிங் வந்து கத்த ஆரம்பித்தது. உடனே விரலை வைக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். குனிந்து விரலை வைத்தார். முன்னால் போன பஸ் நின்றதைப் பார்க்கவில்லை. பிரேக் அடித்ததில் வண்டி சறுக்கியது, நான் கையை ஊன்றி விழுந்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தால் தமிழ்நாட்டு போலீஸ். அந்த வம்பு மட்டும்தான் பாக்கி.

ஆஸ்பத்திரிக்கு அலறியடித்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் அங்கே ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான். டாக்ஸியில் வந்து விழுந்ததாகச் சொன்னால் போலீஸ் கேஸ், ஸ்டேஷன் என்று இழுத்தடிப்பார்கள் என்ற பயத்தில், வண்டி ஓட்டியவரைச் சொந்தக்காரர் ஆக்கிவிடுவது. "மச்சினன் வண்டிங்க, நாய் குறுக்க வந்துடுச்சி" என்றார். அதையே எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேரும் பெண்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பயணம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பயணிகளுக்கு இன்சூரன்ஸ் உண்டு என்று அந்தச் செயலியிலேயே போட்டிருந்தது. கேட்டேன். போனில் பேசிய பெண் தேன் ஒழுகப் பேசினாள். கடைசியில், உங்கள் ஆஸ்பத்திரிப் பேப்பரில் தம்பி வண்டியிலிருந்து விழுந்ததாக இருக்கிறது, அதனால் எங்களால் எதுவும் செய்ய முடியாது, மேலும் ஓட்டியவர் எங்கள் ஊழியரே இல்லை, பார்ட்னர்தான் என்றாள். சரி என்று பைக்குக்கு இன்சூரன்ஸ் போட்ட ஆபீசுக்குப் போனேன். அங்கே விசாரித்துவிட்டுத் தயாராக இருந்தார்கள். நீங்கள் புக் பண்ணித்தானே போனீர்கள், இது வீட்டு உபயோகத்துக்கு எடுத்த பாலிசி, வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்றார்கள். அங்கே நான் அக்கா, இங்கே நான் சவாரி. யார் பணம் தர வேண்டுமோ அவர் முன்னால் மட்டும் நான் வேறு ஆளாகிவிடுகிறேன்!

வக்கீலைப் பார்த்தோம். நல்ல மனிதர், குறுக்கு வழியும் தெரிந்தவர். "அக்கான்னே இருந்துடுங்கம்மா. பின்னாடி உக்காந்து வந்தவங்களுக்கு அந்த பாலிசில வழி இருக்கு. வாடகைன்னு சொன்னீங்கன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். கோர்ட்டு குடுக்கச் சொன்னாலும் குடுத்துட்டு, வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்குவான்" என்றார். என் வீட்டுக்காரர் வேகமாகத் தலையாட்டினார். அவருடைய பொய்க்கு வக்கீலே சர்டிபிகேட் கொடுத்தது போலாகிவிட்டது.

அந்த வாரமே வண்டி ஓட்டியவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். பேசியது அந்தப் பெண்தான். "அக்கான்னு சொல்லிடுங்கக்கா. இல்லன்னா எங்க தலைல வந்து விடியும். வண்டியையும் புடுங்கிக்குவாங்க."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். என்னைப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் அடுத்த சவாரியை எடு, எடு என்று கத்தியது யார்? நான் அக்கா ஆகிவிட்டால் அந்தப் போன் கதையிலேயே இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு நாய் இருக்கும். இல்லாத நாய்மேல் பழி போட்டுவிட்டு, இருக்கிற கம்பெனியைச் சும்மா விடுவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

"உங்கள மாட்டிவிடறதுக்கு சொல்லலம்மா," என்றேன். "இப்ப நீங்க மட்டும்தான் மாட்டியிருக்கீங்க. அந்த கம்பெனிக்காரங்களையும் இழுக்கத்தான் உள்ளத சொல்லப் போறேன்." காபி போட்டு வைத்திருந்தேன். குடிக்காமலே போய்விட்டார்கள்.

ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு லேட் என்று திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். வழக்கில் அந்தச் செயலிக் கம்பெனியையும் சேர்க்கச் சொன்னபோது வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். பெரிய இடம், பெங்களூரிலிருந்து ஆள் வருவார்கள் என்றார். வரட்டுமே, பாண்டிச்சேரிக்கு வர யாருக்குக் கசக்கும் என்றேன்.

வந்தார்கள். கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த கம்பெனி வக்கீல் என்னிடம், ஆஸ்பத்திரியில் அக்கா, இங்கே சவாரி, பணத்துக்காகத்தானே மாற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"பணத்துக்காகன்னா அக்கான்னே இருந்திருப்பேங்க. அதுதான் சுலபம்னு எங்க வக்கீலே சொன்னாரு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. எங்கள் வக்கீல் மேஜைக்கடியில் எதையோ தேடினார். நான் நிறுத்தவில்லை. "காசு குடுத்து ஏறின சவாரிங்க நான். அவரு குனிஞ்சி கை வச்சது உங்க புக்கிங் மேலதான்." ஜட்ஜ் அம்மா சிரிக்காமல், நான் சொன்னதை அப்படியே டைப் செய்யச் சொன்னார். அடுத்து என் வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார். நாயும் இல்லை, மச்சினனும் இல்லை, பயத்தில் நான்தான் பொய் சொன்னேன் என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. அன்றைக்கு அவர்மேல் வந்த பிரியம் எங்கள் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, நூலை இழுத்தால் வலி தோள்வரை ஏறுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு பேர் புருவத்துக்குமேல் முடிவதில்லை. இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாட்சி சொன்ன அன்று வீட்டுக்காரர் கோர்ட்டிலிருந்தே, இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் வெளியே வந்தபோது, உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த வண்டிக்காரர் தன் பைக் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எம்மேலயும் வரும் இல்லக்கா?"

"வரும். உங்க மேல மட்டும் வராது."

தலையாட்டினார். பிறகு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். "வெயில்ல நிக்காதீங்க. ஏறுங்க, வீட்ல விட்டுடறேன். காசெல்லாம் வேணாம்."

"சும்மா ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இடது கையால் போனை எடுத்து புக் பண்ணினேன். அந்த புக்கிங் அவர் போனுக்கு வரும்வரை வெயிலிலேயே நின்றேன். அவர் அதை எடுத்துக்கொண்டு, போனைச் சட்டைப்பையில் வைத்தார். ஓ.டி.பி. நம்பரைச் சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறினேன்.