யாரும் வராத கருவாட்டுச் சோற்றுக் கடை

அன்பான சகோதர சகோதரிகளே, 1964 ஆகஸ்ட் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, தாராவியில் மாஹிம் பக்கத்து இரும்புப் பட்டறைக்கு எதிரே என் சோற்றுக் கடையைத் திறந்தேன். மத்தியானம் சங்கு ஊதியது. மராட்டியத் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். குழம்பு வாசனை பிடித்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். ஒருவரும் உட்காரவில்லை. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

அந்த மார்ச்சில் என் கணவர் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இறந்துபோனார். அடக்கத்தன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. சமைத்தேன், துவைத்தேன், கோவிலுக்குப் போனேன். எல்லாம் வேறு யாரோ செய்வதுபோல இருந்தது.

பம்பாயிலேயே பாண்டுப்பில் இருந்த என் அண்ணன் ஒரு கெடு வைத்திருந்தார். "ஏட்டி, யாவாரம்லாம் நமக்குச் சரிப்படாது. மாசக் கடைசியில நான் ஊருக்குப் போறேன். ஒனக்கு ஒரு வழி பிறக்கலைன்னா எஸ்தரைக் கூட்டிட்டுப் போயிருதேன். அங்க அவளுக்குக் கஞ்சியாவது கிடைக்கும்." எஸ்தர் என் ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளும் போய்விட்டால் எனக்கு அந்த அறையில் என்ன இருக்கிறது?

நான் யோசிக்காமல் கடை திறந்தவள் அல்ல. எங்கள் போதகரின் மனைவியை ஐயரம்மா என்போம். அவர் சனிக்கிழமைகளில் பெண்களுக்குச் சிறுதொழில் வகுப்பு நடத்தினார். "விக்கிறதுக்கு முன்னால வாங்குறவனைப் படிங்க" என்பார். படித்தேன். கிங்ஸ் சர்க்கிளில் சாப்பாட்டுக் கடைகள் எதிரே நின்று, எந்த நேரம் எது தீர்கிறது என்று பார்த்தேன். பிறகு இந்தப் பட்டறை வாசலில் ஒரு வாரம் நின்றேன். அந்த வாரம் அவர்கள் மீன் மேல் விழுந்து விழுந்து சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு துண்டு வறுவலுக்குச் சண்டையே நடந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மழைக்காலத்தில் பச்சை மீன் அரிது. ஆகவே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபிக்க முழங்காலிட்டேன். வார்த்தை வரவில்லை. கண்ணீரும் வரவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொல்ல முடிந்தது: "ஆண்டவரே, ஏன் வரமாட்டேங்கிறாங்கன்னு யாராவது எனக்குச் சொல்லட்டும்." ஆமென்கூடச் சொன்னேனோ என்னவோ.

மறுநாள் காலை குழாயடியில் எனக்கு முன்னால் சுசீலா தாய் நின்றாள். எங்கள் சால் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த மராட்டியப் பெண். தாய் என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. அதுவரை அவளிடம் குடம் நகர்த்தச் சொல்வதைத் தவிர வேறு பேசியதில்லை. அவளாகத் திரும்பி, இடுப்பில் கை வைத்து, "அரே பாயீ, ஷ்ராவண் சாலூ ஹை! மச்லி கோன் காயேகா?" என்றாள். ஷ்ராவண மாதம் பிறந்துவிட்டதாம், மீனை யார் தின்பார் என்கிறாள். எனக்குப் புரியாததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. "உங்க ஆளுங்களுக்கும் அந்த நாற்பது நாள் இருக்கே, அப்போ நீ கறி திங்கிறியா?" என்று இந்தியிலேயே கேட்டாள்.

எங்கள் லெந்து நாட்கள்! விரதம் வருகிறதென்றுதான் முந்தின வாரம் அவர்கள் மீனை அப்படி வெட்டியிருக்கிறார்கள். நான் எல்லாம் படித்தேன். அவர்கள் நோன்பைப் படிக்கவில்லை. சுவரில் தொங்கிய சபை நாட்காட்டியில் ஷ்ராவணம் கிடையாது.

அன்றே குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில், மீன் படாத புது மண்பானைகள் வாங்கினேன். சுசீலா தாய் என் அடுப்படிக்கே வந்து விரதத்துக்கு ஆகாதென்று பூண்டையும் வெங்காயத்தையும் எடுத்து ஓரமாக வைத்தாள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. திங்கட்கிழமை விரதக்காரர்களுக்கு ஜவ்வரிசி உப்புமா. வெள்ளியன்று முதலில் வந்த ஒரு வயதான தொழிலாளி பானையை விரலால் தட்டி, "நயா ஹை க்யா?" என்றார். புதுசுதான் என்றேன். உட்கார்ந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மாதக் கடைசியில் அண்ணன் நடுமத்தியானத்தில் வந்தார். நல்ல மழை. தகரக் கூரைக்குக் கீழே இடமில்லாமல் ஆட்கள் தட்டோடு நின்றார்கள். என் கை இரண்டும் போதவில்லை. அவரைக் கண்டதும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் குடையை மடக்கிவிட்டு, "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்கே, அந்தக் கரண்டிய இங்க தா" என்றார். ஊருக்குத் தனியாகத்தான் போனார்.

விரத நாட்கள் முடிந்ததும் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இன்றும் வைக்கிறேன். பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். எஸ்தர் மெட்ரிக் முடித்துவிட்டாள்.

என் துக்கம் தீர்ந்துவிட்டது என்று இந்தச் சபை முன்னால் பொய் சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே ஒன்றுமே அசையாத நாளில் நான் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு, மறுநாள் காலையிலேயே ஆண்டவர் பதில் தந்தார். என்னைப்போல மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர்களே, உருக்கமாக ஜெபிக்க வரவில்லையே என்று பின்வாங்க வேண்டாம். தெரியாததைத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பதிலை யார் வாயில் வைத்து அனுப்புவது என்பதை அவருக்கே விட்டுவிடுங்கள்.