மிக்சி மரியாதை

மராட்டிய நகரமொன்றின் கோந்த்வா பகுதியில், ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடி வீடுதான் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்று சொன்னால் கீழே இருக்கும் வாட்ச்மேனே சிரிப்பார். ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, கொடி கட்டிய பால்கனி. இதற்குள் மூன்று தொண்டு நிறுவனங்கள் குடித்தனம் நடத்துகின்றன. நான் இருக்கும் நிறுவனம், படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கவும் இன்டர்வியூவில் முதுகு வளையாமல் உட்காரவும் சொல்லித் தருகிறது. இரண்டாவது, மனம் சரியில்லாத பிள்ளைகளோடு பேசும் கவுன்சலிங் நிறுவனம். மூன்றாவது, காப்பகத்தில் வளர்ந்து வயது முடிந்து வெளியே வரும் பெண்களுக்குத் தங்க இடம் தருவது. அவர்களுடைய விடுதி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அதன் பொறுப்பாளர் மட்டும் எங்களோடு உட்கார்ந்திருப்பார்.

முன்பெல்லாம் வேலை கேட்டு ஒரு பெண் எங்களிடம் வந்தால், "கவுன்சலிங்குக்கு ஔந்த் போம்மா, தங்குறதுக்கு ஹடப்சர்ல கேளும்மா" என்று ஊரின் இரண்டு கோடிக்கும் பஸ் நம்பர் சொல்லி அனுப்பிவிடுவோம். பாதிப் பேர் நடுவழியிலேயே காணாமல் போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சொந்தக் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறுவதற்கு யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? இப்போது ஒரே வீட்டில் எல்லாம் இருப்பதால் செருப்பை ஒருமுறை கழற்றினால் போதும்.

மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்தால் என்ன நடக்குமோ அதுவும் நடந்தது. பால் பாக்கெட் யாருடையது, வைஃபை ஏன் மெதுவாக ஓடுகிறது, குடித்த டம்ளரை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போன மகாராணி யார். விடுதிப் பொறுப்பாளரான அம்மா நாக்பூர்க்காரர். மூச்சு விடுவதே மைக்கில் விடுவதுபோல இருக்கும். கவுன்சலர் இந்த ஊர் மராட்டியப் பெண். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். அதுதான் பயமாக இருக்கும். நான் கோயமுத்தூர்க்காரி. வந்து பதினைந்து வருஷமாகியும் எனக்குச் சண்டை போட வரும் ஒரே மொழி தமிழ்தான் என்பதால், எல்லாச் சண்டையிலும் தோற்றேன்.

சண்டைகளையெல்லாம்விடப் பெரிய தொல்லை, கவுன்சலிங் அறையின் சுவர். வீட்டுக்காரர் எந்தக் காலத்திலோ செங்கல் சுவரை இடித்துவிட்டுப் பிளைவுட் தடுப்பு வைத்திருந்தார். உள்ளே ஒருவர் மூக்கை உறிஞ்சினால் கூடத்தில் இருப்பவர் கைக்குட்டை நீட்டலாம். கதவில் "அமைதி" என்று எழுதி ஒட்டியிருந்தோம். அமைதியாக இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டது.

ஒரு நாள் சமையலறையில் வறுத்த கடலையை மிக்சியில் அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி என்னுடையது, ஊரிலிருந்து வந்தது, கல்லைப் போட்டாலும் அரைக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ உடைந்து அழுதிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கவுன்சலர் பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை நீங்க மிக்சி போட்டீங்க. இல்லாட்டி எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அந்தப் புள்ள கூசிப்போயிருக்கும்" என்றார். அவர் பேசுவது இந்தியும் மராட்டியும் கலந்து. இங்கே தமிழில் தருகிறேன்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. உள்ளே குரல் தழுதழுத்தால் வெளியே இருப்பவர்களில் ஒருவர் எழுந்து போய் மிக்சியைப் போட வேண்டும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா ஓட்டினால் கெட்டுப்போகும் என்று கடலையைப் போட்டு அரைத்தோம். இந்த ஊரில் கடலைப்பொடிக்குக் கூட் என்று பெயர். கறி, கிச்சடி, சாலட் எதுவாக இருந்தாலும் அது விழுந்தே ஆக வேண்டும். அழுகை அதிகமான வாரங்களில் எங்கள் டப்பாக்கள் நிரம்பி வழிந்தன. ஆளுக்கொரு பொட்டலம் வீட்டுக்கு எடுத்துப்போனோம். "இந்த வாரமும் கடலைப்பொடியா, பாவம் யாரோ" என்பார் என் கணவர். எங்களுக்கு எங்களைப் பற்றி ரொம்பப் பெருமையாகவே இருந்தது. எவ்வளவு நாசூக்கான மனுஷிகள் நாங்கள்!

இந்தப் பெருமையோடு இருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள்.

"உங்க ஊர் ஆளு ஒண்ணு வருது" என்று நாக்பூர்க்காரர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். தமிழ் அம்மாவுக்குப் பிறந்து, சின்ன வயதிலேயே இங்குள்ள ஒரு காப்பகத்தில் சேர்ந்து, அங்கேயே வளர்ந்தவள். இருக்கலாம் என்ற வயதைத் தாண்டியும் கருணை காட்டி வைத்திருந்தார்கள். மாதக் கடைசியோடு வெளியே வந்தாக வேண்டும். போக ஒரு வீடும் இல்லை. விடுதியில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. கட்டில் தர விடுதிக்காரர்களுக்கு ஒரே ஒரு விதி: கவுன்சலரோடு ஒருமுறையாவது மனம்விட்டுப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் வந்து, ஒரு வாரத்தில் சொல்லாமல் கிளம்பிப்போன பெண்களைத் தேடி அலைந்த அனுபவத்தில் வைத்த விதி அது. அதைக் குறை சொல்ல முடியாது.

முதல் தடவை வந்தபோதே என்னை "அக்கா" என்றாள். என் வயதுக்கு இங்கே எல்லாரும் ஆன்ட்டி என்பார்கள். அந்த ஒரு சொல்லில் நான் விலைபோய்விட்டேன். உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் குரல் கம்மியது. நான் ஓடிப்போய் மிக்சியைப் போட்டேன். சிறிது நேரத்தில் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அக்கா" என்று போய்விட்டாள். கவுன்சலர் உதட்டைப் பிதுக்கினார். ஆரம்பித்தாளாம், நிறுத்திவிட்டாளாம். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும், "ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கேன்".

இரண்டாம் தடவையும் இதே கதை. அதற்குள் மாதம் முடியும் தறுவாய். இன்னொரு பெண்ணுக்கும் அதே கட்டில் தேவைப்பட்டது. "நாளைக்குப் பேசலைன்னா நான் என்ன பண்றது சொல்லுங்க?" என்று நாக்பூர்க்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். ஏதோ நான்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டதுபோல. தமிழில் பேசினால் ஒருவேளை மனம் திறப்பாள் என்று கவுன்சலருக்குத் தோன்றியது. அவளிடம் கேட்டார், சரி என்றாள். மறுநாள் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"சொல்லு கண்ணு, அவசரமே இல்ல" என்றேன்.

அவள் தமிழ் தட்டித் தடவி வந்தது. இந்திச் சொற்களைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். "அக்கா, எங்க அம்மா என்னை கேட் கிட்ட விட்டுட்டு… ருக்கோ, இங்கயே நில்லு, சொல்லிட்டு…" கண் நிறைந்தது. குரல் உடைந்தது.

மிக்சி அலறியது.

அந்த அறைக்குள் உட்கார்ந்து அதை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. பிளைவுட் தடுப்பு அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. யாரோ முகத்துக்கு நேராகக் கதவை அறைந்து சாத்தியதுபோல இருந்தது. அவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். "பரவால்ல அக்கா. அவங்களுக்கு வேலை இருக்கு. நான் போறேன்."

"உனக்காகத்தான் போடறாங்க கண்ணு. நீ பேசறது வெளிய கேக்கக் கூடாதுன்னு."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "ஹோம்லயும் அப்படித்தான் அக்கா. ராத்திரி நாங்க அழுதா டிவி ஆவாஸ் பெருசா வெப்பாங்க. எங்க அழுகை அவங்களுக்குக் கேக்கக் கூடாது."

எத்தனை பிள்ளைகள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்ததும் அந்தச் சத்தத்தைக் கேட்டு, தங்களுக்குத் தெரிந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்களோ. கவுன்சலருக்குத் தமிழ் புரியாது. இந்தியில் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் வெளியே போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். கையில் கரண்டியோடு நின்ற நாக்பூர்க்காரர், "என்ன, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார். பதில் சொல்வதற்குள் அவள் என் பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"மிக்சி பந்த்தாவே இருக்கட்டும், போடாதீங்க" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி இந்தியில், "தீதி, நீங்களும் கேளுங்க. கேக்கட்டும்னுதான் சொல்றேன்" என்றாள்.

அவ்வளவு பெரிய குரல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கவுன்சலரும் எழுந்து வந்து சமையல் மேடைமேல் சாய்ந்துகொண்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றபடி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. இடையில் ரொம்ப நேரம் அழுதாள். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கொண்டுவரலாமா, முதுகைத் தடவலாமா என்று கை பரபரத்தது. ஒருவரின் அழுகையைச் சும்மா உட்கார்ந்து கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை என்பதுதான் உண்மை. நாசூக்கு என்று அதற்கு நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்.

முடித்ததும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். நாக்பூர்க்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"ஜன்னல் பக்கத்துக் கட்டில்" என்றார். "நாளைக்கு உன் சாமானை எடுத்துட்டு வந்துடு."

"சாமான் கீழ வாட்ச்மேன் கிட்ட இருக்கு தீதி."

"இன்னைக்கே கொண்டுவந்துட்டியா?"

அவள் துப்பட்டா நுனியால் முகத்தை ஒற்றிக்கொண்டே, ஏதோ சாதாரண விஷயம்போலச் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தேன். திரும்பிப் போறப்போ எடுத்துட்டுப் போயிட்டேன்."