முட்டைப் பந்துக்கு ஒரு மொட்டை

எனக்கு அந்த விளையாட்டைக் கண்ணில் காட்டக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் வந்து நியாயம் கேட்டு நிற்க வேண்டாம். பெயர் ஃபுட்போல். காலால் பந்தைத் தொடுவதோ ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம். முட்டை மாதிரி ஒரு பந்து. அதை ஒருவன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நாலடி ஓடுவான். மாடு மாதிரி நாலைந்து பேர் அவன் மேல் விழுவார்கள். விசில் ஊதும். எல்லோரும் எழும்பித் தூசு தட்டிவிட்டு, வட்டமாகக் கூடிநின்று ஏதோ நாட்டைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரிக் குசுகுசுப்பார்கள். பிறகு மறுபடியும் விழுவார்கள். இடையில் பியர் விளம்பரம், கார் விளம்பரம். மூன்று மணித்தியாலத்துக்கு இதுதான்.

என் வீட்டுக்காரர் இந்தக் கூத்துக்கு அடிமை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரர் எல்லோரும் இதையே கதைப்பார்களாம். வாயைப் பொத்திக்கொண்டிருக்க வெட்கமாக இருந்ததால் பார்க்கத் தொடங்கினாராம். எல்லைக்கு அந்தப் பக்கத்து அணி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அமெரிக்காவுக்குள் நாங்கள் போனதே இரண்டு தரம், இரண்டும் செத்தவீட்டுக்கு. ஆனால் கதையைக் கேட்க வேண்டும். "இந்தமுறை நாங்கள் டிஃபென்ஸில நல்லாச் செய்யிறம்." நாங்களாம்! மாடிப்படி ஏற இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிற மனிசன்.

இவருக்கு வாய்த்த கூட்டாளிகள் மூன்று பேர். நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸ் பேஸ்மென்டில் கூடுவார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டிய பிள்ளைகுட்டிக்காரர். மருமகன் வயது ஆட்டக்காரப் பெடியன் ஒருவனின் இலக்கம் போட்ட சட்டை முதுகில், முன்னால் தொப்பை வண்டி தள்ளிக்கொண்டு நிற்கும். உதுகளுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

அந்த வருஷம் செப்டெம்பரில் அவர்களுடைய அணி முதல் மூன்று ஆட்டமும் தோற்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலாவது ஞாயிறு என் மாமியாரின் திவசம், வீட்டில் மரக்கறிச் சமையல். அன்று பார்த்து வென்று தொலைத்தார்கள். அவ்வளவுதான், ஆட்ட நாளில் மச்சம் மாமிசம் கூடாது என்று பேஸ்மென்டில் சட்டம் போட்டாயிற்று. ஊர் உலகமெல்லாம் இந்த விளையாட்டைக் கோழிக்கால் கடித்துக்கொண்டு பார்க்கும். என் வீட்டில் நாலு பேர் குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, கடலைவடை தின்றுகொண்டு பார்த்தார்கள். ரீவிப் பெட்டிக்கும் திருநீறு பூசினார்கள். வடை சுட்டது யார்? நான்தான். எனக்குப் பித்தப்பை எடுத்த நாள், ஆஸ்பத்திரி கன்ரீனில் கோழி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த மனிசன் இவர். பெண்சாதிக்கு இல்லாத விரதம் முட்டைப் பந்துக்கு.

நான் வாயால் திட்டத் திட்ட, அவர்கள் வென்றுகொண்டே போனார்கள். பொங்கலன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து காரில் ஏறும்போதுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இஞ்சாரும், எங்கட ஃபுட்போல் ரீமுக்காகப் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

"என்ன நேர்த்தி?"

"மொட்டை அடிக்கிறதெண்டு."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

எனக்குத் தலை விறைத்துவிட்டது. எங்கள் மகளுக்கு மாசியில் கலியாணம். சாம்பியன் யார் என்று முடிவாகிற கடைசி ஆட்டத்திலிருந்து சரியாகப் பன்னிரண்டாம் நாள் முகூர்த்தம். மணவறையில் நின்று பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய தகப்பன் மொட்டைத் தலையோடு நிற்பதா? எங்கள் சனம் மொட்டையைக் கண்டால் முதலில் கேட்பது, "ஆர் மோசம் போனது?" என்றுதான். அதிலும் சம்பந்தி அம்மா ஒரு மாதிரியான மனிசி. சாதகத்தை மூன்று இடத்தில் பார்த்தவர், மண்டபத்து வாசல் தெற்குப் பக்கம் என்று இரண்டு மண்டபத்தைத் தட்டிக் கழித்தவர். சாவுத் துடக்கை மறைத்துக் கலியாணம் செய்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டால், அந்தப் பேச்சைக் காலம் முழுக்கக் கேட்கப் போகிறவள் என் பிள்ளை.

கோயிலில் இருந்து வீடு வரைக்கும் ஏசிக்கொண்டு வந்தேன். அவர் ஏதோ சொல்ல இரண்டு தரம் வாயைத் திறந்தார், நான் விடவில்லை. கலியாணம் முடிய அடிக்கலாமே என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"நேர்த்தியை வைச்சுக்கொண்டு நல்ல காரியம் செய்யக்கூடாதப்பா."

முந்தி நேர்த்தியைத் தள்ளிப்போட்ட கூட்டாளி ஒருவர் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாராம். பனியில் வழுக்காமல் ரொறன்ரோவில் எவன் இருக்கிறான்? மகளிடம் முறையிட்டேன். இங்கே பிறந்தவள், அவளுக்கு எல்லாம் பகிடி.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஹேர். வளரும்தானே."

"பன்னிரண்டு நாளில எவ்வளவடி வளரும்?"

ஆகவே எனக்கிருந்தது ஒரே வழி. அந்த அணி தோற்க வேண்டும். மிச்சம் மூன்று ஆட்டம், ஒன்றில் தோற்றாலும் வெளியே. வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் இருந்து பார்த்தேன், எதிர்ப்பக்கத்துக்காக. முதலாவதை வென்றார்கள். அடுத்ததையும் வென்றார்கள். அன்று நாலு தடியன்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளியதில் மேலே அடுப்படியில் பாத்திரம் கிலுங்கியது. கோதாரியில் போவார்.

ஃபைனல் ஞாயிறு பின்நேரம். கீழே பேஸ்மென்டில் தோத்திரம் பாடி ரீவியைப் போட்டார்கள். மேலே நான் கலியாணத்துக்குப் பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு காதைக் கீழே வைத்திருந்தேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எட்டிப் பார்த்தேன், இவர்களுடைய அணி இரண்டு புள்ளி முன்னால். இவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் மேலே ஓடிவந்து அடுப்படிச் சாமித்தட்டுக்கு முன்னால் நின்றேன். கையெல்லாம் மா. "பிள்ளையாரே, உந்த ரீம் தோற்கவேணும். இண்டைக்கே தோற்கவேணும்," என்று வாய்விட்டுக் கேட்டேன். பந்து விளையாட்டுக்காகச் சாமியைக் கரைச்சல் படுத்துகிற மனிசன் என்று நாலு மாதமாக ஏசிய அதே வாயால்தான் கேட்டேன்.

கீழே சத்தம் திடீரென்று நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆட்டம் முழுக்கக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்த பந்தை, கடைசிச் செக்கனில் எதிர்ப்பக்கத்துக்காரன் ஒருவன் வந்து காலால் ஓர் உதை. இரண்டு கம்பத்துக்கும் நடுவால் போய்விட்டது. மூன்று புள்ளி. ஒரு புள்ளியால் தோற்றுவிட்டார்கள். அவ்வளவு மாதம் விழுந்து எழும்பி, இதற்குத்தானா?

எனக்கு மனம் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூட்டாளிகள் செத்தவீட்டிலிருந்து போவது மாதிரிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்கள். நான் நல்ல சாயமாக ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய் இவருக்கு முன்னால் வைத்தேன்.

"சரி விடுங்கோ. தோத்ததிலயும் ஒரு நன்மை. உங்கட தலை தப்பிச்சுது."

"என்ன தப்பிச்சது?"

"மொட்டை. வெண்டால்தானே அடிக்கிறது?"

"வெண்டாலெண்டு ஆர் சொன்னது? ஃபைனலுக்குப் போகவேணுமெண்டுதான் நேர்ந்தனான். போயிட்டினம்தானே. சீசன் முடியட்டுமெண்டு இருந்தனான். வாற சனிக்கிழமை கோயிலுக்குப் போறன்."

நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

"உந்தக் கதையை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் எங்க கதைக்க விட்டனீர்?"

"ஏனப்பா, நேருற மனிசன் வெல்லவேணுமெண்டு நேர்ந்தால் என்ன? பிள்ளையாரிட்டயும் அரைவாசிதான் கேப்பீங்களோ?"

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெல்லுறதெண்டால் கூடிப்போகுமெண்டு நினைச்சன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருபத்தெட்டு வருஷமாக இந்த மனிசன் இப்படித்தான். களஞ்சியத்தில் பகல் வேலை தாருங்கள் என்று ஒரு நாள் கேட்டவரில்லை, வேலை இருந்தாலே காணும், போதுமென்பார். சீதனம் பேசவந்த என் தகப்பனிடம், பிள்ளைக்குச் சம்மதமோ என்று மட்டும் கேட்டவர். வெல்லவேணும் என்று கேட்டிருந்தால் அன்று அந்தத் தலைமயிர் தப்பியிருக்கும். கூடக் கேட்கத் தெரியாததால் மொட்டை அடிக்கப் போகிற ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லிக்கொண்டே ஆறப்போன தேத்தண்ணியை அவர் கைக்குக் கிட்ட நகர்த்தியும் வைத்தேன், அது வேறு எரிச்சல்.

கலியாணம் நடந்தது. பளபளவென்று மொட்டையோடுதான் தாரை வார்த்தார். "என்ன, சம்பந்தி மொட்டையோட நிக்கிறார்?" என்று சம்பந்தி அம்மா கேட்டார். மகளுக்கு நல்ல இடம் அமையவேணுமென்று நேர்ந்தவர் என்று கூசாமல் அவிழ்த்துவிட்டேன். அவர் கண்கலங்கி, மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஆனால் எனக்குள் கிடந்து அரிப்பது, அந்த ஞாயிறு நான் ஏசி முடித்த பிறகு இவர் கேட்டது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். நிறுத்திவைத்திருந்த ரீவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"அப்ப, நான் கேக்காததாலதான் தோத்தவங்களோ?"

"சீச்சீ. அது உங்கட பிழையில்லை," என்றேன், கையில் காய்ந்திருந்த மாவைத் துடைத்துக்கொண்டு.

அந்த விளையாட்டைப் பற்றி அவரிடம் நான் சொன்னவற்றில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்து சொன்னது அது ஒன்றுதான்.